நெருப்புக்குச்சியும் தொழிலாளர் உடல்நலமும்



பொழுதுபட்டு இருள் சூழும் வேளையில் விளக்கேற்றுவதற்காக நம் வீடுகளில் முதலிற் கைநீட்டி எடுக்கப்படும் பொருள் நெருப்புப்பெட்டி. மின்விளக்கும் வாயு அடுப்பும் வந்துவிட்ட இக்காலத்திலும் சுவாமி அறையில் அதற்கென ஓரிடம் இருக்கின்றது. உரசியதும் சுடர் எழுகின்றது, திரி பற்றுகின்றது, எரிந்த குச்சியை எறிந்துவிட்டு நாம் நம் காரியத்தைப் பார்க்கச் செல்கின்றோம். அந்தச் சிறு குச்சி நம் கைக்கு வந்து சேருமுன் யார் யார் கைகளைக் கடந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தோரும் அவ்வாறே எண்ணாதிருந்தனர். அவர்கள் எண்ணாதிருந்த காலமெல்லாம், அக்குச்சியைச் செய்த ஏழை மக்களின் தாடையெலும்பை அது அரித்துக்கொண்டிருந்தது.

தொழில் செய்வோரின் உடல்நலத்தைத் தொழில் நடக்கும் இடத்திலேயே பேணுதல் என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இப்பொருளைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் தொழிலாளருக்கு அறிவுரை கூறியே தொடங்குவர். கை கழுவுக, காலந்தவறாது உண்க, உடற்பயிற்சி செய்க, கவலையை விடுக என்பர். இவையெல்லாம் நல்லனவே. ஆயின் ஒருவன் நாள்தோறும் பத்து மணி நேரம் நின்று வேலை செய்யும் இடத்தின் காற்றே நஞ்சாயிருந்தால், அவன் கை கழுவுவதனால் ஆகும் பயன் யாது? நான் வைத்தியனல்லன், வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். ஆதலால் இவ்வினாவுக்கு வரலாற்றிலிருந்தே விடை தேட விரும்புகின்றேன். நெருப்புக்குச்சியின் கதை அவ்விடையை ஐயத்துக்கு இடமின்றித் தருகின்றது.

பொசுபரசு என்னும் மூலகத்தை 1669ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்தைச் சேர்ந்த ஹென்னிக் பிராண்ட் என்பவர் கண்டுபிடித்தார். இருளில் தானாகவே ஒளிவிடும் அப்பொருள் நெடுங்காலம் ஒரு வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. உரசியதும் பற்றும் குச்சியை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தில் மருந்துச்சாலை நடத்திய ஜோன் வாக்கர். அவர் 1827ஆம் ஆண்டில் விற்ற குச்சியிற் பொசுபரசு இல்லை. அது எளிதிற் பற்றவில்லை; பற்றினாலும் தீப்பொறி சிதறிற்று. சில ஆண்டுகளின் பின், 1830ஆம் ஆண்டளவில், பிரான்சு நாட்டைச் சேர்ந்த சார்ல்ஸ் சோரியா என்னும் இளைஞர் குச்சியின் முனையில் வெண்பொசுபரசைச் சேர்த்துப் பார்த்தார். எச்சுவரிலும் எக்கல்லிலும் உரசினாலும் சட்டெனப் பற்றும் குச்சி உலகுக்குக் கிடைத்தது. அதன் விலையும் மிகக் குறைவு. ஐரோப்பாவெங்கும் அத்தொழில் விரைந்து பரவிற்று.

அக்குச்சியைச் செய்யும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். வெண்பொசுபரசை வெந்நீரில் உருக்கி, பசையோடும் வேறு இரசாயனப் பொருள்களோடும் கலந்து ஒரு குழம்பாக்குவர். சட்டங்களில் வரிசையாகச் செருகப்பட்ட மரக்குச்சிகளின் முனைகளை அக்குழம்பிலே தோய்த்துக் காயவைப்பர். காய்ந்தவற்றை வெட்டிப் பெட்டிகளில் அடைப்பர். கலப்போரும் தோய்ப்போரும் அந்த ஆவியை நேரே சுவாசித்தனர். பெட்டியில் அடைக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களும் சிறுமியரும் செய்தனர். அவர்களின் விரல்களிலும் உடையிலும் அந்நஞ்சு படிந்தது. உண்பதற்கு வேறிடம் இல்லாமையால், வேலைசெய்த மேசையிலேயே பாணை வைத்து உண்டனர். பாணோடு நஞ்சும் வாய்க்குட் சென்றது.

நோய் உடனே தோன்றுவதில்லை. சில ஆண்டுகள் வேலை செய்தபின் ஒரு நாள் பல் வலிக்கும். பல்வலிதானே என்று எண்ணுவர். சொத்தைப் பல்லின் வழியாக உட்புகுந்த நஞ்சு தாடையெலும்பை அடைந்திருக்கும். ஈறு வீங்கும், சீழ் வடியும், எலும்பு உயிரிழந்து துண்டு துண்டாக வெளிவரும். உடன் பிறந்தாரும் ஒரே அறையில் இருக்கமுடியாத அளவு துர்நாற்றம் வீசும். தாடையை அறுத்தெடுத்தால் உயிர் தப்பலாம். தப்பினும் முகம் சிதைந்துவிடும். அறுக்காது விடின் நோய் உட்பரவிச் சிலர் இறந்தனர். அவ்வேலையையன்றி வேறு பிழைப்பு இல்லாதவர்கள், பல்வலி என்று சொன்னால் வேலை போய்விடும் என்று அஞ்சி அதனை மறைத்தனர். மறைத்ததனால் நோய் முற்றிற்று.

இது தொழிலால் வந்த நோய் என்பதை உலகம் அறியாதிருந்ததோ எனின், அன்று. வியன்னா நகரத்து வைத்தியரான லோரின்சர் என்பவர் 1845ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கி எழுதிவிட்டார். தம்மிடம் வந்த தாடைநோயாளர் நெருப்புக்குச்சித் தொழிலாளராயிருப்பதைக் கண்டு, நோய்க்கும் தொழிலுக்கும் உள்ள தொடர்பை அவர் உணர்ந்தார்.

இவ்வாறு காணும் கண்ணை வைத்திய உலகுக்குக் கொடுத்த பெரியார் ஒருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். அவர் இத்தாலி நாட்டு வைத்தியர் பேர்னாடினோ ரமச்சினி. மொதேனா நகரில் வாழ்ந்த காலத்தில், தம் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்த ஒரு தொழிலாளி பதறிப் பதறி வேலை செய்வதை அவர் கண்டார். ஏன் இத்துணை அவசரம் என்று வினவினார். இங்கே நெடுநேரம் நின்றால் கண்பார்வை கெட்டுவிடும் என்றான் அவன். அவனுடைய கண்களைச் சோதித்த ரமச்சினி, அவன் கூறியது உண்மையெனக் கண்டார். அன்று தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாகத் தொழிலாளரின் நோய்கள் பற்றிய பெருநூலொன்றை 1700ஆம் ஆண்டில் வெளியிட்டார். நோயாளியிடம் வைத்தியர்கள் வழமையாகக் கேட்கும் வினாக்களோடு, நீ செய்யும் தொழில் யாது என்னும் ஒரு வினாவையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்பது அவர் உலகுக்குச் சொன்ன அறிவுரை. அதனைக் கேட்பதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஆயினும் எத்தனையோ உயிர்கள் அவ்வினா கேட்கப்படாமையால் மாண்டிருக்கின்றன.

நோயின் காரணம் 1845ஆம் ஆண்டிலே தெரிந்துவிட்டது. மாற்று வழி இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் இருந்தது. வெண்பொசுபரசை வெப்பமூட்டினால், அது நஞ்சற்ற செம்பொசுபரசாக மாறும் என்பதை அதே வியன்னா நகரத்து இரசாயன அறிஞர் அன்ரன் சுரோற்றர் 1840களின் இறுதியில் நிறுவினார். குச்சியின் முனையில் பொசுபரசை வையாது, பெட்டியின் பக்கத்திலே பூசும் முறையைச் சுவீடன் நாட்டின் பாஸ்க் என்பவர் 1844ஆம் ஆண்டிலேயே வகுத்திருந்தார். அந்நாட்டின் லுண்ட்ஸ்ரோம் சகோதரர்கள் செம்பொசுபரசைக்கொண்டு அதனைத் திருத்தினர். 1855ஆம் ஆண்டு பாரிசிலே நடந்த பெருங்கண்காட்சியில் அக்குச்சி பரிசு பெற்றது. இன்று நம் வீட்டிலுள்ள பெட்டியின் பக்கத்தில் மட்டும் உரசிப் பற்றவைக்கின்றோமே, அது அவ்வழி வந்ததே. இங்கிலாந்தில் அதனைச் செய்யும் உரிமையைப் பிரயன்ற் அன்ட் மே என்னும் கம்பனி அதே ஆண்டில் விலைக்கு வாங்கிற்று.

ஆகவே நோய் இன்னதென்று தெரியும்; காரணம் தெரியும்; மாற்றுப் பொருளும் கையில் இருந்தது. அப்படியிருந்தும் வெண்பொசுபரசுக் குச்சியே மேலும் அரை நூற்றாண்டு காலம் பெருவாரியாக உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. செம்பொசுபரசுக் குச்சியின் விலை சிறிது கூடியது என்பது ஒன்று. அதனைப் பெட்டியில் அன்றி வேறெங்கும் உரசமுடியாது என்பது மற்றையது. எங்கும் உரசக்கூடிய மலிந்த குச்சியையே மக்கள் விரும்பினர். மக்கள் விரும்பியதையே முதலாளிகள் செய்தனர். இருவருக்கும் இடையே நின்ற தொழிலாளியின் தாடையை எவரும் கணக்கிற் சேர்க்கவில்லை.

இனி இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதிக்கு வருவோம். அங்கே போ என்னும் இடத்தில் பிரயன்ற் அன்ட் மே கம்பனியின் பெருந்தொழிற்சாலை இருந்தது. மாற்றுக் குச்சியின் உரிமையை வாங்கிய அக்கம்பனியே வெண்பொசுபரசுக் குச்சியையும் அங்கே பெருமளவிற் செய்தது. 1888ஆம் ஆண்டு யூன் மாதம் 23ஆம் நாள், ஒரு சிறு வாரப் பத்திரிகையில் அத்தொழிற்சாலைப் பெண்களின் நிலையை விவரித்து ஒரு கட்டுரை வெளியாயிற்று. அதனை எழுதியவர் வேறு யாருமல்லர். பின்னாளிற் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, 1917ஆம் ஆண்டில் இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய அன்னி பெசன்ற் அம்மையாரே. தமிழ் மக்கள் அவரைப் பிரமஞான சங்கத்தின் தலைவியாகவே பெரிதும் அறிவர். அவர் இந்தியாவுக்கு வருமுன் இலண்டனில் ஏழைத் தொழிலாளருக்காக எழுதியும் பேசியும் வந்தவர் என்பது பலருக்குப் புதுச் செய்தியாயிருக்கலாம்.

அவர் தொழிற்சாலை வாயிலிலே நின்று பெண்களிடம் நேரிற் கேட்டறிந்தவற்றை எழுதினார். பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தியின் வாரக் கூலி 4 சிலிங். அதிற் பாதி அறை வாடகைக்குப் போயிற்று. காலையிலும் மதியத்திலும் பாணும் வெண்ணெயும் தேநீருமே அவளுக்கு உணவு. காலில் அழுக்கு இருந்தால் குற்றப்பணம். மேசையின் கீழ் குப்பை கிடந்தால் குற்றப்பணம். இயந்திரத்திற் சிக்கவிருந்த தன் விரல்களைக் காக்க முயன்றபோது வேலை பழுதானதற்காக ஒரு பெண்ணுக்கு ஒரு சிலிங் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. அதே கம்பனி அதற்கு முந்திய ஆண்டிலே தன் பங்குதாரருக்கு நூற்றுக்கு 23 வீதம் இலாபம் பகிர்ந்தது என்பதையும் அம்மையார் எடுத்துக்காட்டினார்.

கட்டுரை வெளிவந்ததும், அதிற் கூறியவை பொய்யென ஒப்பமிட்டுத் தரும்படி நிருவாகத்தார் பெண்களை வற்புறுத்தினர். பெண்கள் மறுத்தனர். அவர்களுள் ஒருத்தி வேலையினின்று நீக்கப்பட்டாள். அதைக் கண்ட மற்றையோர் எழுந்து வெளியேறினர். யூலை மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 1,400 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுக்குச் சங்கம் இல்லை. சேமித்த பணம் இல்லை. பெரும்பாலோர் இளம் பெண்கள். வேலைநிறுத்தஞ் செய்யும்படி பெசன்ற் அம்மையார் அவர்களை ஏவவில்லை, அத்துணிவு அவர்களுடையதே. வெளியேறிய பின்னரே அவரை நாடி வந்தனர். அவரும் நண்பர்களும் பணந்திரட்டினர்; பெண்களின் தூதுக்குழுவைப் பாராளுமன்ற உறுப்பினரிடம் அழைத்துச் சென்றனர். இலண்டன் தொழிற்சங்கப் பேரவை நடுநின்று பேசிற்று. மூன்று வாரம் ஆகுமுன் கம்பனி இணங்கியது. குற்றப்பணம் ஒழிந்தது, நீக்கப்பட்டோர் மீண்டும் சேர்க்கப்பட்டனர், பெண்கள் தமக்கென ஒரு தொழிற்சங்கம் அமைத்தனர்.

அவர்கள் பெற்ற இன்னொரு வெற்றியைப் பலர் கவனிப்பதில்லை. உண்பதற்குத் தனியறை ஒன்று வேண்டுமென்று அவர்கள் கேட்டனர். நிருவாகம் அதற்கும் இணங்கிற்று. கூலி உயர்வைப் போல இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் நஞ்சு படிந்த மேசையிலிருந்து உணவைப் பிரித்து வைத்தது அவ்வறையே. எந்தத் துன்பத்தை முதலில் நீக்கவேண்டும் என்பதை அத்துன்பத்தைப் படுகின்றவரே நன்கறிவர் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் வெண்பொசுபரசு தொழிற்சாலையினின்று போகவில்லை, நோயும் போகவில்லை. 1891ஆம் ஆண்டில் இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத் அவர்கள் இலண்டனில் ஒரு நெருப்புக்குச்சித் தொழிற்சாலையைத் தொடங்கினார். அங்கே செம்பொசுபரசு மட்டுமே பயன்பட்டது. கூலியும் பிறவிடங்களினும் கூடுதலாயிருந்தது. பாராளுமன்ற உறுப்பினரையும் பத்திரிகையாளரையும் அழைத்துச் சென்று, நஞ்சின்றியும் குச்சி செய்யலாம் என்று அவர் காட்டினார். ஆனால் அக்குச்சியின் விலை சிறிது அதிகம். கடைக்குச் செல்வோர் மலிந்ததையே வாங்கினர். பத்தாண்டு அளவில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. நல்லெண்ணம் மட்டும் சந்தையில் வெல்லுவதில்லை. நல்லவன் ஒருவன் தனியே செலவு செய்து திருத்தினால், திருத்தாதவன் விலையைக் குறைத்து அவனை வீழ்த்திவிடுவான். எல்லோரையும் ஒரே வரம்புக்குட் கொண்டுவர வல்லது சட்டமே.

சட்டமும் மெல்ல வந்தது. பொசுபரசு நஞ்சினால் ஒருவர் நோயுற்றால் அதனை அரசாங்கத்துக்கு அறிவித்தல் வேண்டும் என 1895ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 1898ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகை துருவி ஆராய்ந்ததன் பயனாக, பிரயன்ற் அன்ட் மே கம்பனி பதினேழு நோயாளரைப் பற்றி அறிவியாது மறைத்தமை வெளியாயிற்று. அவர்களுட் சிலர் இறந்தும் போயிருந்தனர். வழக்கில் விதிக்கப்பட்ட தண்டம் 25 பவுண் 9 சிலிங். ஓர் உயிருக்கு என்ன விலை வைக்கப்பட்டது என்பதை நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆயினும் தண்டத்தினும் பெரிதாயிருந்தது அவமானம். நோய் மறைந்தொழிந்தது என்று நம்பியிருந்த நாடு, மறைக்கப்பட்டதே அன்றி ஒழியவில்லை என்பதை அறிந்தது.

அரசாங்கம் அறிஞர் மூவரைக் கொண்டு விசாரணை நடத்திற்று. அப்போது இரு வழிகள் முன்னிருந்தன. தொழிலாளரைத் திருத்துவது ஒரு வழி: பல்லைச் சோதித்தல், கை கழுவச் செய்தல், வாய் கொப்பளிக்கச் செய்தல். தொழிலையே திருத்துவது மறுவழி: காற்றோட்டம் அமைத்தல், ஆவியை இழுத்து வெளியேற்றல், இறுதியாக நஞ்சையே நீக்கி வேறு பொருளை வைத்தல். முதல்வழியால் நோய் குறையுமேயன்றி அறாது. இரண்டாம் வழியே அதனை வேரோடு களையும்.

இதனை ஓர் இலக்கணம்போல வகுத்துச் சொன்னவர் தோமஸ் லெக் என்னும் வைத்தியர். 1898ஆம் ஆண்டில் பிரித்தானியத் தொழிற்சாலைகளின் முதலாவது வைத்தியப் பரிசோதகராக நியமனம் பெற்றவர் அவரே. தொழில் நடத்துவோர் தாம் செய்யக்கூடிய யாவற்றையும் செய்து முடிக்கும்வரை, தொழிலாளி தன்னைத் தானே காத்துக்கொள்ளச் செய்யக்கூடியது மிகச் சிறிதே என்பது அவருடைய கொள்கை. அக்கொள்கையை அவர் வாயளவில் வைத்திருக்கவில்லை. பூச்சு வேலையில் ஈயவெள்ளையின் பயனைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையை ஏற்க அவருடைய அரசாங்கம் மறுத்தபோது, 1926ஆம் ஆண்டில் தம் பதவியைத் துறந்தார்.

நெருப்புக்குச்சியின் கதைக்கு மீள்வோம். 1898ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு இரசாயன அறிஞர்களான செவேன், காகேன் என்னும் இருவர், பொசுபரசையும் கந்தகத்தையும் சேர்த்து ஒரு கூட்டுப்பொருளைக் கொண்டு குச்சி செய்தனர். அது எங்கும் உரசத்தக்கது; ஆனால் தாடையைத் தின்னாதது. வாங்குவோர் விரும்பிய வசதியும் செய்வோருக்கு வேண்டிய பாதுகாப்பும் ஒருங்கே கிடைத்தன. அதன்பின் மறுப்புச் சொல்ல எவருக்கும் வாயில்லாமற் போயிற்று. ஏற்கெனவே பின்லாந்து 1872ஆம் ஆண்டிலும் தென்மார்க்கு 1874ஆம் ஆண்டிலும் வெண்பொசுபரசுக் குச்சியைத் தடைசெய்திருந்தன. 1906ஆம் ஆண்டில் சுவிற்சலாந்தின் பேர்ண் நகரிற் கூடிய ஏழு நாடுகள் அதனை ஒருங்கே தடைசெய்ய உடன்பட்டுக் கையெழுத்திட்டன. தொழிலாளர் நலத்துக்காக நாடுகள் பல கூடிச் செய்த முதல் உடன்படிக்கைகளுள் இதுவும் ஒன்று. பிரித்தானியா 1908ஆம் ஆண்டிற் சட்டமியற்றி 1910ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறைப்படுத்திற்று. ஐக்கிய அமெரிக்காவில் அம்மாற்றுப் பொருளின் தனியுரிமையை வைத்திருந்த கம்பனி, 1911ஆம் ஆண்டில் அதனை யாவரும் பயன்படுத்தும்படி விட்டுக்கொடுத்தது. அடுத்த ஆண்டில், நச்சுக் குச்சி இலாபந்தராதபடி கடும் வரி விதிக்கப்பட்டது. இந்தியாவில் 1913ஆம் ஆண்டிலே தடைச்சட்டம் வந்தது.

நேயர்களே, ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். வியன்னாவில் நோய் விளக்கப்பட்டது 1845இல். பிரித்தானியாவில் தடை நடைமுறைக்கு வந்தது 1910இல். இடையே கழிந்தவை 65 ஆண்டுகள். ஒரு மனிதனின் வாழ்நாளளவு அது. அறிவு இல்லாமையாலன்று இத்தாமதம். அறிந்தவர் பேசினர், துன்புற்றவருக்குப் பேச வழியில்லை, இலாபம் பெற்றவர் மறைத்தனர், வாங்கியவர் கேட்கவில்லை, ஆள்வோர் பொறுத்திருந்தனர். வைத்தியர், தொழிலாளர், பத்திரிகையாளர், இரசாயன அறிஞர், சட்டமியற்றுவோர் ஆகிய யாவரும் ஒரு முகமாகத் திரும்பிய பின்னரே நோய் ஓடிற்று. இவர்களுள் ஒருவர் குறைந்தாலும் கதை இன்னும் நீண்டிருக்கும்.

இக்கதையின் தொடர்ச்சி நமக்கு அண்மையிலும் நடந்தது. தமிழ்நாட்டின் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923ஆம் ஆண்டளவில் வேரூன்றியது. அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தொழில் பயின்று வந்து அதனைத் தொடங்கினர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே தடைச்சட்டம் வந்துவிட்டமையால், அந்த வறண்ட பூமியிற் குச்சியடுக்கிய மக்கள் தாடைநோயை அறியாது தப்பினர். இலண்டன் பெண்கள் பட்ட பாட்டின் பயனை அவர்களை அறியாதவர்களும் துய்த்தனர். ஆனால் ஒரு தீங்கு நீங்கினால் எல்லாத் தீங்கும் நீங்கியதாகாது. அங்கே சிறுபிள்ளைகள் பள்ளிக்குச் செல்லாது தீப்பெட்டி வேலைக்குச் சென்றனர். அதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலிற் பிள்ளையை அமர்த்திய ஒவ்வொருவரும், அமர்த்திய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 20,000 ரூபாய் அப்பிள்ளையின் நன்மைக்காகச் செலுத்தவேண்டும் என்றது.

நம் நாட்டிலும் சட்டங்கள் இல்லாமலில்லை. வேலையிற் காயமுற்றோர்க்கு நட்டஈடு வழங்கும் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலும், தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. தூய்மை, காற்றோட்டம், குடிநீர் என்பவற்றோடு தொழில்நோய்களை அறிவித்தல் பற்றியும் பின்னையது விதித்தது. சர்வதேச தொழில் நிறுவனம் 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பாதுகாப்பும் சுகாதாரமும் உள்ள வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அஃது இனிமேல் முதலாளி மனமிரங்கி அளிக்கும் சலுகையன்று.

ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தாற் போதாது. இதனை நான் பிறரைக் குறைகூறச் சொல்லவில்லை. என் குறையையே சொல்லுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் அடிக்கடி சுகவீன லீவு எடுத்தார். இருமல் என்பார். லீவுப் புத்தகத்தைக் காட்டி நான் அவரைக் கடிந்துகொண்டேன். அவரும் ஒன்றும் பேசாது சென்றார். ஒரு நாள் அவர் வராதபோது, அவருடைய வகுப்பை நானே நடத்தச் சென்றேன். யன்னலுக்கு அப்பால் ஒரு நெல் ஆலை இருந்தது. காற்றுத் திரும்பிய போதெல்லாம் உமித்தூள் அறைக்குள் வந்து படிந்தது. ஒரு பாடவேளை முடியுமுன் எனக்கே தொண்டை கரகரத்தது. முன்வரிசைப் பிள்ளைகளும் இருமிக்கொண்டிருந்தனர். ஆண்டுக் கணக்காக அவ்வறையின் வாயிலைக் கடந்து சென்ற நான் ஒருமுறையேனும் உள்ளே நின்று பார்த்தேனில்லை. வகுப்பை மறுபக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றினோம். லீவுப் புத்தகத்தில் அவர் பெயர் அதன்பின் அருகியே காணப்பட்டது. நீ எங்கே நின்று வேலை செய்கின்றாய் என்னும் கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால், நான் அவரைக் கடிந்திருக்கமாட்டேன். ரமச்சினியின் வினாவை வகுப்பிற் கற்பித்தவன் நான். என் பாடசாலையில் அதனைக் கேட்க மறந்தேன்.

ஆதலால் அலுவலகம், ஆலை, தோட்டம், கடை, பாடசாலை எதுவாயினும், அதனை நடத்தும் பொறுப்புள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். உங்களிடம் வேலை செய்வோருக்கு அறிவுரை சொல்லுமுன், அவர்கள் நிற்குமிடத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். அவர்கள் குடிக்கும் நீரைக் குடித்துப் பாருங்கள். உண்ணுமிடத்தில் அமர்ந்து உண்டு பாருங்கள். நோயென்று சொல்பவனைச் சோம்பேறி என்று கருதுமுன், அவன் செய்யும் வேலையைக் கேளுங்கள். நோயை மறைத்தால்தான் வேலை நிலைக்கும் என்னும் அச்சத்தை எவருக்கும் உண்டாக்காதீர்கள். வேலை செய்யும் அன்பர்களுக்கும் ஒன்று சொல்லுவேன்: உங்கள் உடலில் தோன்றும் குறியை மறையாது சொல்லுங்கள், தனியே சொல்ல அஞ்சினால் நால்வர் சேர்ந்து சொல்லுங்கள். உண்பதற்கு ஓர் அறை கேட்ட அப்பெண்களும் அதனையே செய்தனர்.

இன்று மாலை விளக்கேற்றும்போது, கையிலுள்ள நெருப்புப்பெட்டியைச் சிறிது பாருங்கள். பெட்டியின் பக்கத்தில் உள்ள அந்த மங்கிய செந்நிறப் பூச்சில் இருப்பது செம்பொசுபரசு. அது அவ்விடத்துக்கு வந்து சேர்வதற்கு எத்தனை பேர் துன்புற்றனர், எத்தனை பேர் துணிந்து பேசினர் என்பதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.